கணினிக்குப் பக்கத்தில் ஒரு சீஆர் கொப்பி: இணையக் கடையை எப்போது புதுப்பிக்க வேண்டும்?

பண்டாரவளையில் தேயிலையும் வாசனைத் திரவியங்களும் விற்கும் சிறிய இணையக் கடை ஒன்றின் பின்னறையில், கணினிக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு சீஆர் கொப்பி திறந்தபடி கிடக்கும். இணையத்தளத்தில் விழும் ஓடர் ஒவ்வொன்றும் அந்தக் கொப்பியில் மறுபடியும் கையால் எழுதப்படும். பெயர், பொருள், தொலைபேசியில் மீண்டும் கேட்டுத் திருத்திய முகவரி, வங்கிச் சிட்டை வந்ததா இல்லையா என்பதற்கு ஒரு சரி அடையாளம், பார்சல் போன திகதி என்று ஒரு வரிக்குள் ஐந்தாறு செய்திகள் நெருக்கமாக இருக்கும். சிவப்பு மையில் வட்டமிட்ட வரிகள் சிக்கலுக்குள்ளானவை. கடையின் உரிமையாளருக்கு யாரோ ஒருவர், இணையத்தளம் பழசாகிவிட்டது, முழுவதையும் புதிதாகக் கட்ட வேண்டும் என்று சொல்லிப் பெரிய தொகையொன்றுக்கு விலைமனு கொடுத்திருந்தார். "தம்பி, இது உண்மையாகவே செய்ய வேண்டிய வேலைதானா?" என்று உரிமையாளர் என்னிடம் கேட்டபோது, நான் இணையத்தளத்தைப் பார்ப்பதற்கு முன் அந்தக் கொப்பியைத்தான் கேட்டு வாங்கினேன்.

இணையக் கடையொன்றுக்குத் தொழில்நுட்ப மேம்பாடு தேவையா என்பதைத் தளத்தின் வயதோ தோற்றமோ சொல்லிவிடாது. பத்து ஆண்டு பழைய தளம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கலாம். சென்ற வருடம் கட்டிய தளம் ஆட்களை வாட்டிக்கொண்டிருக்கலாம். இயந்திரம் செய்ய வேண்டிய வேலையில் எவ்வளவை மனிதர்கள் அதற்கு வெளியே நின்று செய்துகொண்டிருக்கிறார்கள் என்பதுதான் நம்பத்தகுந்த அளவுகோல். அந்த வேலை ஏதாவதொரு கொப்பியிலோ, வட்ஸ்அப் குழுவிலோ, சுவரில் ஒட்டிய தாளிலோ பதிவாகியே இருக்கும். அதை ஒரு மாதத்துக்குப் படித்துப் பார்த்தால், எது கெட்டிருக்கிறது என்பதோடு எந்த அளவு மாற்றம் போதும் என்பதும் தெரியும்.

அந்தக் கொப்பியில் சிவப்பு வட்டங்களில் பாதிக்கு மேல் முகவரியைப் பற்றியவை. ஓடர் படிவம் வெளிநாட்டு வார்ப்புரு ஒன்றிலிருந்து அப்படியே எடுக்கப்பட்டது. வீட்டிலக்கம், வீதி, நகரம், தபால் குறியீடு ஆகிய நான்கையும் நிரப்பாவிட்டால் அது அடுத்த பக்கத்துக்குப் போகவிடாது. தோட்டத்து லயங்களில் இருக்கும் பல குடும்பங்களுக்கு வீட்டிலக்கமும் இல்லை, வீதிப் பெயரும் இல்லை. கடிதங்கள் தோட்டத்துக்கென்று வந்து, அங்கிருந்து பிரித்துக் கொடுக்கப்படுவதே நெடுங்கால வழக்கம். ஆகவே வாடிக்கையாளர்கள் வீட்டிலக்கத்துக்கு ஒரு சுழியத்தைப் போட்டு, வீதி என்ற இடத்தில் "கோயிலுக்குப் பக்கத்து லயம், மேற்பிரிவு" என்று எழுதினார்கள். நுவரெலியாவுக்கு 22200, ஹட்டனுக்கு 22000 என்று நகரங்களுக்குக் குறியீடு உண்டு என்றாலும், தோட்டத்தில் இருப்பவருக்குத் தமது உப தபால் நிலையத்தின் குறியீடு பெரும்பாலும் நினைவில் இருப்பதில்லை. ஏதோ ஓர் இலக்கத்தைத் தட்டிவிடுவார். கூரியர் வண்டி தோட்டத்துக்குள் ஏறாது என்பதால் பார்சலைச் சந்தியிலுள்ள ஒரு கடையில் வைத்துவிட்டுத் தொலைபேசியில் அழைப்பதுதான் நடைமுறை. அந்தச் சந்திக் கடையின் பெயரை எழுதப் படிவத்தில் இடமே இல்லாததால், ஒவ்வோர் ஓடருக்கும் ஒருவர் அழைத்துக் கேட்க வேண்டியிருந்தது.

இந்த வேலைக்குப் புதிய தளம் வேண்டியதில்லை. தோட்டம், பிரிவு, பார்சலை வைக்க வேண்டிய இடம் என்று மூன்று பெட்டிகளைச் சேர்த்து, வீட்டிலக்கத்தையும் தபால் குறியீட்டையும் கட்டாயமற்றதாக்கினால் முடிந்தது. வேர்ட்பிரஸ் என்ற தளம் கட்டும் மென்பொருளின் மேல் ஓடும் வூகொமர்ஸ் போன்ற கடை மென்பொருளில் இது அரை நாள் வேலை. விலைமனு கொடுத்தவர் அந்தக் கொப்பியைப் புரட்டியிருந்தால் இதைக் கண்டிருப்பார். புரட்டவில்லை.

கொப்பியில் அடுத்து நிறைந்திருந்தது கொடுப்பனவு. வாடிக்கையாளர் வங்கிக் கணக்குக்குப் பணம் போட்டுச் சிட்டையைப் படமெடுத்து வட்ஸ்அப்பில் அனுப்புவார்; கடையில் இருப்பவர் வங்கியின் செயலியைத் திறந்து, அந்தத் தொகை வந்திருக்கிறதா என்று பார்த்து, ஓடர் இலக்கத்தோடு பொருத்துவார். ஒன்றுக்கு மூன்று நிமிடம் என்று வைத்தால், நாளொன்றுக்குப் பத்து ஓடர் வரும்போது அது அரை மணி நேர வேலை; யாரும் குறை சொல்லமாட்டார்கள். நாற்பது ஓடராகும்போது அதுவே இரண்டு மணி நேரம். அதற்குள் ஒரே தொகையை ஒரே நாளில் இரண்டு பேர் போட்டிருப்பார்கள்; பழைய சிட்டையை மறுபடி அனுப்புபவரும் ஒருவர் இருப்பார். பணம் வந்ததை உறுதிப்படுத்தும்வரை பொருளைக் கட்ட முடியாது என்பதால் மாலைக் கூரியர் தவறி ஒரு நாள் பிந்தும். இங்கேதான் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். பேமன்ட் கேட்வே, அதாவது அட்டைப் பணத்தை இணையத்தில் வாங்கிக் கடையின் கணக்கில் சேர்க்கும் சேவை, ஒவ்வொரு விற்பனையிலும் ஒரு பங்கைக் கழித்துக்கொள்ளும். அந்தப் பங்கு, இந்த வேலையில் கழியும் ஆள் கூலியைவிடக் குறைவாகும் நாளில் மாறினால் போதும். அதற்கு முன் மாறுவதால் நட்டமே. இடையில் இன்னொரு படியும் உண்டு: மத்திய வங்கி முன்னின்று கொண்டுவந்த லங்கா கியூஆர் முறையில், வெவ்வேறு வங்கிகளின் செயலிகளிலிருந்து ஒரே குறியீட்டுக்குப் பணம் செலுத்தலாம்.

கேட்வேயை இணைக்கும்போது ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது. அட்டை இலக்கம் கடையின் சொந்தச் சேர்வருக்கு வரவே கூடாது. வாடிக்கையாளர் கேட்வேயின் பக்கத்துக்குப் போய் அங்கே செலுத்திவிட்டுத் திரும்ப வேண்டும். அட்டைத் தரவுக்கான பிசிஐ டிஎஸ்எஸ் என்னும் தரநிலையின் பழைய பதிப்பு 2024 மார்ச் 31 உடன் விலக்கப்பட்டு, நான்காம் பதிப்பின் கூடுதல் நிபந்தனைகள் 2025 மார்ச் 31 முதல் கட்டாயமாகின. அவற்றின் முழுச் சுமையையும் தாங்கக்கூடிய சிறு கடை எதுவும் எங்கள் பக்கத்தில் இல்லை. அட்டை இலக்கத்தைப் படிவத்தில் வாங்கி மின்னஞ்சலில் தனக்கே அனுப்பிக்கொள்ளும் தளம் ஒன்றை நான் ஒருமுறை பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்ட தளத்துக்கு அளவுகோல் எதுவும் வேண்டாம்; அன்றைக்கே மூட வேண்டியது அது.

கையிருப்புப் பற்றிய சிக்கல் சற்று நுட்பமானது. நுவரெலியாவில் ஏப்ரல் வசந்தகாலத்தில் கடை மேசையிலும் இணையத்திலும் ஒரே பொருள் ஒரே நேரத்தில் விற்கும். இணையத்தளம் ஒரு பெட்டி மீதம் என்று காட்டிக்கொண்டிருக்க, அந்தப் பெட்டியை மேசையில் ஒருவர் வாங்கிப் போயிருப்பார். கொப்பியில் "பொருள் இல்லை, பணம் திருப்பி" என்ற வரி மாதத்துக்கு ஒன்றிரண்டு இருந்தால் அது வியாபாரத்தில் சகஜம். வாரந்தோறும் வந்தால், மேசை விற்பனையும் இணைய விற்பனையும் ஒரே கையிருப்புக் கணக்கில் கழிய வேண்டிய காலம் வந்துவிட்டது என்று பொருள். ஆனால் முதலில் அமைப்புகளைப் பார்க்க வேண்டும். வூகொமர்ஸில், பணம் செலுத்தப்படாத ஓடருக்கான பொருளை எத்தனை நிமிடம் ஒதுக்கிவைப்பது என்று ஓர் அமைப்பு உண்டு. யாரும் மாற்றாவிட்டால் அது 60 நிமிடம். அதில் இலக்கம் எதுவும் இல்லாமல் வெறுமையாக விட்டிருந்தால், அந்த ஒதுக்கீடு இயங்காது; பணம் கட்டாமல் கைவிடப்பட்ட ஓடர்கள் தாமாக ரத்தாவதும் இல்லை.

இனி, கொப்பியில் எழுதப்படாத ஓர் இழப்பு. தளம் திறக்கக் காத்திருந்து அலுத்துப் போனவர் எங்கும் பதிவாவதில்லை. கூகுளின் அளவீட்டில், ஒரு பக்கத்தின் முதன்மையான உள்ளடக்கம் 2.5 விநாடிக்குள் தெரிந்தால் நல்லது. பொத்தானை அழுத்தியபின் திரை 200 மில்லி விநாடிக்குள் அசைய வேண்டும். இந்த இரண்டாவது அளவீடு 2024 மார்ச்சில்தான் பழைய அளவீடொன்றின் இடத்துக்கு வந்தது. கொழும்பில் ஃபைபர் இணைப்பில் உட்கார்ந்து தளத்தைச் சோதிப்பவருக்கு எல்லாம் வேகமாகத்தான் தெரியும். மஸ்கெலியாவுக்கு மேலே, மலை மறைப்பில் இரண்டு கோடு மட்டும் தெரியும் சிக்னலில் திறந்து பார்த்தால் கதை வேறு. கைத்தொலைபேசியில் எடுத்த படத்தைக் குறைக்காமல் அப்படியே ஏற்றினால் ஒன்று நான்கு மெகாபைட். பக்கத்துக்குப் பத்துப் படம் என்றால் நாற்பது. விநாடிக்கு நான்கு மெகாபிட் கிடைக்கும் இணைப்பில் அது முழுதாக இறங்க எண்பது விநாடி பிடிக்கும். அதுவரை காத்திருப்பவர் கடைக்காரரின் உறவினராகத்தான் இருப்பார். படங்களைச் சுருக்கி வெப்பி (WebP) என்ற சிறிய பட வடிவில் ஏற்றினால் அதே பக்கம் ஒரு மெகாபைட்டுக்குள் அடங்கிவிடும். தளம் மெதுவாக இருக்கிறது என்று என்னிடம் வருபவர்களில் பலருக்கு நான் செய்துகொடுத்தது இதை மட்டும்தான்.

படங்களைக் குறைத்தபின்னும் மெதுவாகவே இருந்தால், எந்த நேரத்தில் மெதுவாகிறது என்று கவனிக்க வேண்டும். நாள் முழுவதும் நன்றாக ஓடிவிட்டு, தீபாவளிக்கு முந்திய வாரத்தின் இரவு எட்டு மணிக்கு மட்டும் 508 அல்லது 503 என்ற பிழையைக் காட்டினால், ஒரே சேர்வரைப் பல தளங்கள் பகிரும் மலிவான ஹோஸ்டிங்கில் உங்களுக்கு ஒதுக்கிய எல்லை நிரம்பிவிட்டது. ஹோஸ்டிங்கை ஒரு படி உயர்த்தினால் சரியாகும். மென்பொருளைத் தொட வேண்டியதில்லை. வாடிக்கையாளர் பக்கம் விரைவாகவும், கடைக்காரர் பார்க்கும் ஓடர் பட்டியல் மட்டும் சுழன்றுகொண்டும் இருந்தால் நோய் வேறிடத்தில். வூகொமர்ஸ் நெடுங்காலமாக ஓடர்களைக் கட்டுரைகளுக்கான அட்டவணையிலேயே சேமித்து வந்தது. ஓர் ஓடரின் பெயர், முகவரி, தொகை எல்லாம் தனித்தனி வரிகளாகி, ஓர் ஓடருக்குப் பல பத்து வரிகள் சேரும். பத்தாயிரம் ஓடரைத் தாண்டிய கடையில் அந்த அட்டவணை இலட்சக்கணக்கான வரிகளாகப் பருத்துவிடும். 2023 ஒக்டோபரில் வந்த 8.2 பதிப்பிலிருந்து, புதிதாக நிறுவப்படும் கடைகளுக்கு ஓடர்களுக்கென்றே தனி அட்டவணைகள் இயல்பாகக் கிடைக்கின்றன. பழைய கடைகள் தாமாக மாற்றிக்கொள்ள வேண்டும். இது உண்மையான மேம்பாடு. கவனமாகச் செய்ய வேண்டியதும்கூட.

தமிழில் விற்பவர்களுக்கு மட்டும் வரும் சில அறிகுறிகளும் உண்டு. பார்சலில் ஒட்டும் தாளில் வாடிக்கையாளரின் பெயர் முழுவதும் கேள்விக்குறிகளாக அச்சாவது அவற்றில் முதலாவது. தரவுத்தளத்தின் அட்டவணை, எல்லா மொழி எழுத்துகளையும் தாங்கும் ஒருங்குறிக்கு (யூனிகோட்) மாற்றப்படாமல் பழைய இலத்தீன் குறிமுறையில் இருக்கிறது என்பதற்கு அது சான்று. ஒருங்குறியைச் சேராத பழைய பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்த பொருட்பட்டியலை ஒட்டியிருந்தால், எழுத்துரு இல்லாத தொலைபேசியில் அது ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். கூகுளும் அதைத் தமிழாக வாசிக்காது. இன்னொன்று கண்ணுக்கே தெரியாதது. "கொத்தமல்லி" என்ற சொல்லின் முதலெழுத்தில் வரும் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், எகரக் கொம்பும் காலும் சேர்ந்த இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஆனால் பைட்டுக்குப் பைட் ஒப்பிடும் தேடல் அவற்றை வெவ்வேறு சொற்களாகக் கொண்டு, கொத்தமல்லி நிறைந்திருக்கும் கடையில் "எதுவும் கிடைக்கவில்லை" என்று சொல்லிவிடும். தேடலுக்கு முன் இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் மென்பொருள் வேண்டும். குறுஞ்செய்திச் செலவும் இதே கணக்கில் சேரும்: ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்து, ஒருங்குறித் தமிழில் 70 குறியீடு மட்டும், அதிலும் உயிர்மெய் பலவற்றுக்கு இரண்டு குறியீடு. நான்கு வரித் தமிழ்ச் செய்தி சத்தமில்லாமல் மூன்று செய்திக்கான கட்டணத்தை எடுத்துவிடும்.

இதுவரை சொன்னவற்றில் பெரும்பாலானவை சில்லறைத் திருத்தங்கள். முழு மாற்றம் வேண்டும் என்று நான் சொல்வது, கடைக்காரரால் தம் கடையின் விதிகளைத் தாமே மாற்ற முடியாத நிலை வரும்போதுதான். பெறுமதி சேர் வரியை எடுத்துக்கொள்வோம். 2022 ஜூன் 1 இல் அது 8 வீதத்திலிருந்து 12 ஆனது. அதே ஆண்டு செப்டெம்பர் 1 இல் 15. 2024 ஜனவரி 1 இல் 18. வரிக்குப் பதிவுசெய்த கடையொன்று இருபது மாதத்துக்குள் மூன்று முறை விகிதத்தை மாற்ற வேண்டியிருந்தது. விகிதம் ஓர் அமைப்புப் பக்கத்தில் இருந்தால் ஒரு நிமிட வேலை. பற்றுச்சீட்டு, ஓடர்ப் பக்கம், மின்னஞ்சல் என்று நான்கு இடங்களில் நிரலுக்குள் கையால் எழுதப்பட்டிருந்தால், எழுதியவரைத் தேட வேண்டும். அவர் இப்போது கட்டாரில் இருப்பார். மூன்று இடத்தில் புதிய விகிதமும் ஒரு இடத்தில் பழைய விகிதமுமாகச் சில வாரம் ஓடிய தளமொன்றின் கணக்கை நேராக்க நான் இரண்டு இரவு விழித்திருக்கிறேன்.

விநியோகமும் இதே வகை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது மலையகத்தின் வீதிகளும் புகையிரதப் பாதையும் பல இடங்களில் துண்டிக்கப்பட்டன. மாவட்ட வாரியாக விநியோகத்தை நிறுத்தவும், "மூன்று நாளில் கிடைக்கும்" என்ற வரியை அகற்றவும் முடிந்த கடைகள் அன்றைக்கே அதைச் செய்திருக்கும். முடியாத கடைகள் தளத்தை மொத்தமாக மூட வேண்டும், அல்லது நிறைவேற்ற முடியாத ஓடர்களை வாங்கிக்கொண்டே இருக்க வேண்டும். மண்சரிவுக்குப் பெயர்போன பிரதேசத்தில் இருப்பவர்கள் இந்த வசதியை அலங்காரமாகக் கருத முடியாது.

இன்னொரு முடிச்சு பதிப்புகளால் விழுவது. இந்தத் தளங்களில் பெரும்பாலானவற்றை ஓட்டும் பிஎச்பி மொழியின் 7.4 பதிப்புக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2022 நவம்பர் 28 உடன் நின்றுவிட்டன. தளத்தோடு சேர்க்கும் புதிய கொடுப்பனவுச் செருகுநிரல் எட்டாம் பதிப்பைக் கேட்கிறது. எட்டுக்கு ஏற்றினால், தளத்தின் தோற்றத்தை அமைக்கும், கைவிடப்பட்ட பழைய அழகுவார்ப்பு (தீம்) உடைந்து வெள்ளைத் திரை வருகிறது. வார்ப்பை எழுதியவர் அதைப் புதுப்பிப்பதில்லை. ஒன்றைத் தொட்டால் மற்றொன்று சாய்கிறது என்ற இந்த நிலையில் ஒட்டுப்போட்டுப் பயனில்லை. மஜென்டோ என்ற இணையக் கடை மென்பொருளின் முதலாம் தலைமுறைக்கு 2020 ஜூன் 30 உடன் ஆதரவு முடிந்தபோது உலகெங்கும் பல கடைகளுக்கு நேர்ந்தது இதுதான்: ஏற்ற வழியில்லை, இடம்பெயரத்தான் வேண்டும். அத்தோடு, 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் வாடிக்கையாளரின் பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் பாதுகாக்கும் பொறுப்பை அவற்றை வைத்திருப்பவர்மேல் சுமத்த வகைசெய்கிறது. திருத்தம் நின்றுபோன மென்பொருளில் ஆயிரக்கணக்கான முகவரிகளை வைத்திருப்பது வெறும் சோம்பல் என்ற கணக்கில் இனி வராது.

எங்கே இடம்பெயர்வது என்று கேட்கும்போது பலரும் மாத வாடகைக்குக் கிடைக்கும் ஷொப்பிஃபை போன்ற தளங்களைக் காட்டுவார்கள். சேர்வர், பதிப்பு, பாதுகாப்பு பற்றிய தலைவலி எல்லாம் அவர்களுடையது. தொழில்நுட்பம் தெரிந்தவர் வீட்டில் இல்லாத கடைக்கு அது பெரிய நிம்மதி. ஆனால் வாடகை டொலரில். 2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் 200 ரூபாவை ஒட்டி இருந்தது. மே மாதத்தில் 360 ஐத் தொட்டது. மாதம் 29 டொலர் கட்டியவருக்கு 5,800 ரூபாவாக இருந்த வாடகை, ஒரு பொருளும் கூடுதலாக விற்காமலே பத்தாயிரத்தைத் தாண்டியது. லண்டனுக்கும் டொரொன்டோவுக்கும் விற்று வெளிநாட்டு நாணயம் பெறும் கடைக்கு இது பிரச்சினையில்லை. பதுளைக்கும் கண்டிக்கும் ரூபாவில் விற்கும் கடைக்கு, சொந்த ஹோஸ்டிங்கில் ஒழுங்காகப் பராமரித்த வூகொமர்ஸே ஏற்றது என்பது என் கருத்து. இலங்கையில் இருப்பவர்கள் பேபாலில் பணம் பெற முடியுமா என்பதையும், எந்தத் தளத்தைத் தேர்ந்தாலும் உள்ளூர் கேட்வே அதில் இணையுமா என்பதையும் காசு கட்டுவதற்கு முன்னரே பார்த்துக்கொள்ள வேண்டும்.

பண்டாரவளைக் கடையில் கடைசியில் செய்தது மூன்று வேலை: முகவரிப் படிவம், கேட்வே, ஓடர் அட்டவணை மாற்றம். விலைமனுவில் இருந்த தொகையில் ஐந்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை. ஊவாத் தேயிலையின் சிறப்புப் பருவம் ஜூலை முதல் செப்டெம்பர் வரை என்பதால் அந்த மாதங்களில் கைவைக்கவில்லை. தீபாவளியும் கழிந்தபின், நத்தார் ஓடர்கள் தொடங்குமுன் கிடைத்த இரண்டு வாரத்தில் முடித்தோம். தளத்தின் பிரதி ஒன்றைத் தனியே எழுப்பி, அதில் பழைய ஓடர்கள் எல்லாம் எண்ணிக்கை மாறாமல் வந்தனவா என்று பார்த்தோம். பழைய பக்க முகவரிகள் மாறியிருந்த இடங்களில், பழைய முகவரிக்கு வருபவரைப் புதியதற்கு அனுப்பும் 301 திருப்பம் போட்டோம். பிறகு உரிமையாளரின் மச்சாளை மஸ்கெலியாவில் அவருடைய சொந்தத் தொலைபேசியிலிருந்து அரைக் கிலோ பீஓபி தேயிலையும் நூறு கிராம் கறுவாவும் ஓடர் பண்ணச் சொன்னோம். முதல் முறை "பிரிவு" என்ற பெட்டியில் அவர் தம் மகளின் பாடசாலை வகுப்பை எழுதியிருந்தார். பெட்டியின் தலைப்பைத் "தோட்டப் பிரிவு (மேல், கீழ்)" என்று மாற்றிவிட்டு, இரண்டாம் முறையும் அவரையே ஓடர் பண்ணச் சொன்னோம். பார்சல் மூன்றாம் நாள் சந்திக் கடைக்குப் போய்ச் சேர்ந்தது.